மலையேறிய மிதிவண்டி

இத்தாலி நாட்டின் வடமேற்கில் பியட்மாண்ட் என்னும் மாநிலம் உள்ளது. அம்மாநிலத்தின் குன்றுகளுக்கிடையே காஸ்டெல்லானியா என்றொரு சிற்றூர். அங்கு வாழ்ந்த தொமெனிகோ, ஆஞ்சோலினா என்னும் உழவர் இணையருக்கு 1919ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் ஓர் ஆண்மகவு பிறந்தது. அதற்கு ஃபவுஸ்டோ என்று பெயரிட்டனர். கோப்பி என்பது குடும்பப் பெயர். ஐந்து பிள்ளைகள் உள்ள வீடு. உழைக்கத்தக்க ஒவ்வொரு கையும் வயலுக்குத் தேவைப்பட்ட காலம். ஃபவுஸ்டோவோ மெலிந்த உடலும் அடிக்கடி நோயுறும் இயல்பும் உடைய சிறுவர். நீண்ட கால்கள், குறுகிய தோள்கள், கூண்டுபோல் முன்தள்ளிய மார்பு. இவர் பின்னாளில் உலகின் தலைசிறந்த மிதிவண்டி வீரர் ஆவார் என்று அவரைப் பார்த்த எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

எட்டு வயதில் அவருக்குத் துருப்பிடித்த பழைய மிதிவண்டி ஒன்று கிடைத்தது. அதனைச் சீர்செய்துகொண்டு, பள்ளிக்குப் போகாமல் நாள் முழுதும் குன்றுப் பாதைகளில் சுற்றினார். செய்தி அறிந்த ஆசிரியர், மிதிவண்டி ஓட்டாமல் பள்ளிக்கு வரவேண்டும் என்னும் கருத்தமைந்த தொடரை நூறு முறை எழுதுமாறு பணித்தார். ஃபவுஸ்டோவும் எழுதி முடித்தார். தண்டனை மட்டும் பலிக்கவில்லை.

பதின்மூன்றாம் வயதில் பள்ளிப்படிப்பு நின்றது. நோவி லிகூரே என்னும் நகரத்தில் இருந்த இறைச்சிக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். வாடிக்கையாளர் வீடுகளுக்கு இறைச்சியை மிதிவண்டியில் கொண்டுசேர்ப்பது அவர் பணி. ஏற்றமும் இறக்கமுமான தெருக்கள், சுமையோ கனம். வணிகக் கப்பலில் அதிகாரியாக இருந்த சிற்றப்பா ஒருவர், பிள்ளையின் ஆர்வத்தைக் கண்டு, பந்தய மிதிவண்டி வாங்கப் பணம் தந்தார். அச்சிற்றப்பாவின் பெயரும் ஃபவுஸ்டோ என்பதே.

அந்நகரத்தில் பியாஜியோ கவான்னா என்பவர் வாழ்ந்தார். அவர் முன்னாள் குத்துச்சண்டை வீரர். பந்தய வீரர்களின் உடலைப் பிடித்துவிடுவதில் வல்லவர். நடுவயதில் அவர் தம் இரு கண்களின் பார்வையையும் இழந்துவிட்டார். ஆயினும் இளைஞர் பலர் அவரைத் தேடி வந்தனர். அவர்களைப் பல மணி நேரம் வண்டியோட்டி வரச்செய்து, திரும்பியதும் தொடைகளையும் முதுகையும் மார்பையும் தம் விரல்களால் தடவிப் பார்ப்பார். எந்தத் தசை இறுகியுள்ளது, எந்தத் தசை இன்னும் தளர்வாக உள்ளது, மூச்சு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பனவற்றைக் கைகளே அவருக்குக் கூறின. ஒல்லியான கோப்பியின் உடலைத் தொட்டறிந்த அப்பெரியவர், பிறர் கண்ணால் காணாத ஒன்றைக் கண்டார். நெடுந்தொலைவு சென்று திரும்பிய பின்னும் அவ்விளைஞரின் தசைகள் துவளவில்லை.

கவான்னாவின் விரல்கள் உணர்ந்தது எது என்பதை அறிய, சிறிது அறிவியல் வேண்டும். ஒரு நொடியில் செய்யப்படும் வேலையின் அளவைத் திறன் என்பர். அதனை வாட் என்னும் அலகால் அளப்பர். கடைக்குச் சென்றுவருபவர் தம் மிதிவண்டியை மிதிக்கையில் ஏறத்தாழ 100 வாட் திறனை வெளிப்படுத்துவார். முதல்தரப் பந்தய வீரரோ மலையேற்றத்தில் 400 வாட் அளவில் அரைமணி நேரம் மிதிப்பார். வியப்புக்குரிய எண்தான், ஆனால் வெற்றியை முடிவு செய்வது அவ்வெண் மட்டுமன்று. காலையில் களைப்பின்றி இருக்கும்போது 400 வாட் தரும் கால்கள், ஐந்து மணி நேரம் உழைத்த பிறகு எவ்வளவு தரும் என்பதே வினா. இக்காலத்தில் மிதிக்கட்டையின் அருகே பொருத்தப்படும் உணர்கருவிகள் இதனை நொடிதோறும் அளக்கின்றன. அவ்வாறு அளந்த ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டறிந்தனர். நல்ல வீரருக்கும் மிகச்சிறந்த வீரருக்கும் களைப்பில்லாத நேரத்தில் வேறுபாடு குறைவு. பல மணி நேர உழைப்புக்குப் பின் சோதித்தால் வேறுபாடு பெரிதாகிறது. முன்னவரின் திறன் சரிந்துவிடுகிறது. பின்னவரின் திறன் சிறிதளவே குறைகிறது. இதுவே களைப்பைத் தாங்கும் வலிமை எனப்படுவது.

இவ்வலிமைக்குக் காரணங்கள் பல. பெரிய இதயம் ஒரு துடிப்பில் மிகுதியான குருதியைத் தள்ளும். தசைகளிலும் கல்லீரலிலும் மாவுச்சத்து கிளைகோஜன் என்னும் வடிவில் சேமிக்கப்படுகிறது; அதன் அளவு ஏறத்தாழ அரைக் கிலோகிராம்தான். கடுமையாக மிதித்தால் இரண்டு மணி நேர அளவில் அது தீர்ந்துபோகும். நன்கு பழகிய உடலோ தொடக்கத்தில் கொழுப்பை மிகுதியாக எரித்து, மாவுச்சத்தைச் சிக்கனமாகச் செலவிடும். மாத வருமானத்தை முதல் வாரத்திலேயே செலவழித்துவிடும் வீட்டுக்கும், மாதக் கடைசிவரை பார்த்துச் செலவிடும் வீட்டுக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. கோப்பியின் காலத்தில் திறனை அளக்கும் கருவி சாலைக்கு வரவில்லை. எனவே அவர் எத்தனை வாட் மிதித்தார் என்று கூற இயலாது. அவருடைய ஆறாம் மணி நேரமும் ஏழாம் மணி நேரமும் எப்படி இருந்தன என்பதைப் பந்தயக் குறிப்புகள் கூறுகின்றன.

1940ஆம் ஆண்டு, இருபது வயதில், இத்தாலியைச் சுற்றி வரும் ஜிரோ பந்தயத்தில் கோப்பி கலந்துகொண்டார். ஏறத்தாழ மூன்று வாரங்கள் நடைபெறும் பந்தயம் அது. ஜீனோ பார்தாலி என்னும் புகழ்பெற்ற வீரரின் துணைவராகவே அவர் சேர்க்கப்பட்டிருந்தார். தலைவருக்குத் தண்ணீர் கொண்டுவருவதும், காற்றை மறித்து முன்னே செல்வதும் துணைவரின் கடமை. இரண்டாம் நாளில் குறுக்கே வந்த நாயால் பார்தாலி கீழே விழுந்து காயமுற்றார். பின்னர், ஃபுளோரன்சிலிருந்து மொதேனா சென்ற நாளில், மழையில் மலையைக் கடந்து கோப்பி தனியே முன்னேறி, முதலிடத்துக்குரிய இளஞ்சிவப்புச் சட்டையைப் பெற்றார். இறுதி மலைகளில் அவர் சோர்ந்து துவண்டபோது, தோற்றுக்கொண்டிருந்த பார்தாலியே உடன்சென்று அவரை ஊக்கினார். ஜூன் 9ஆம் நாள் மிலான் நகரில் பந்தயம் முடிந்தது, கோப்பி வென்றார். மறுநாள் இத்தாலி போரில் இறங்கியது.

வளர்ந்துவரும் வீரருக்குப் போர் பெருங்கொடுமை. படையில் சேர்க்கப்பட்ட கோப்பி, 1942 நவம்பர் 7ஆம் நாள் மிலானின் விகொரெல்லி ஓடுகளத்தில் ஒரு மணி நேரச் சாதனைக்கு முயன்றார். எதிராளியோ மேடோ இல்லாத களத்தில் அறுபது நிமிடத்தில் எவ்வளவு தொலைவு செல்லலாம் என்பதே அப்போட்டி. குண்டுவீச்சுக்கு உள்ளாகிக்கொண்டிருந்த நகரில் அவர் 45.798 கிலோமீட்டர் ஓட்டினார். பழைய சாதனையைவிட 31 மீட்டரே மிகுதி. அச்சிறு மிகுதியை முறியடிக்க உலகுக்குப் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

அடுத்த ஆண்டு வட ஆப்பிரிக்கப் போர்முனைக்கு அனுப்பப்பட்ட அவர், ஏப்ரல் மாதத்தில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். கால்கள் வலுப்பெறவேண்டிய இருபத்து மூன்றாம் வயதில் முள்வேலிக்குள் கிடந்தார். 1945இல் இத்தாலிக்குக் கொண்டுவரப்பட்டு, ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடம் பணியாளாக இருந்து, விடுதலையானதும் சிதைந்த சாலைகள் வழியே வடக்கே தம் ஊருக்குத் திரும்பினார். இறந்தகாலத்தைப் பற்றி வருந்திக்கொண்டிராமல் கவான்னாவின் வீட்டு வாயிலை மீண்டும் அடைந்தார்.

1946 மார்ச் 19ஆம் நாள் மிலானிலிருந்து சான் ரேமோ வரை பந்தயம் நடைபெற்றது. தொலைவு 290 கிலோமீட்டருக்கு மேல். தொடங்கிய சிறிது நேரத்திலேயே சிலருடன் கோப்பி முன்னே பிரிந்தார். பாதி வழியில் துர்கீனோ மலைக்கணவாய் ஏற்றத்தில் உடன்வந்தோர் பின்தங்கினர். பின்னர்க் கடலோரச் சாலையில் அவர் தனியே சென்றார். சான் ரேமோவில் அவர் வந்துசேர்ந்து பதினான்கு நிமிடங்கள் கழித்தே இரண்டாமவர் வந்தார். அதுவரை வானொலி நிலையம் இசைத்தட்டுகளை ஒலிபரப்பியது. போரினால் நொறுங்கிய நாட்டுக்கு அன்று மகிழ ஒரு காரணம் கிடைத்தது.

கோப்பியின் உணவுமுறையும் புதியது. அக்கால வீரர்கள் பந்தய நாளில் பெருமளவு இறைச்சி உண்பதையே வலிமை என நம்பினர். இறைச்சிக்கடையில் வளர்ந்த கோப்பியோ அதனைக் குறைத்து, மாவுச்சத்து மிகுந்த எளிய உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை உண்டார். பசி தோன்றுமுன்பே உண்ணவேண்டும் என்று இன்றைய பயிற்றுநர் கூறுவதை அவர் அன்றே கடைப்பிடித்தார்.

1949 ஜூன் 10ஆம் நாள் நடந்ததை இத்தாலியர் இன்றும் பேசுகின்றனர். ஜிரோ பந்தயத்தின் பதினேழாம் கட்டம். கூனேயோ நகரிலிருந்து பினெரோலோ நகர்வரை 254 கிலோமீட்டர். இடையில் மத்தலேனா, வார்ஸ், ஈசொவார், மொஞ்செனேவ்ர், செஸ்த்ரியேரே என ஐந்து மலைக்கணவாய்கள். ஈசொவாரின் உயரம் மட்டும் 2,360 மீட்டர். சாலைகள் பல இடங்களில் தார் காணாதவை. குளிரும் மழையும் சேர்ந்து அவற்றைச் சேறாக்கியிருந்தன. முதல் கணவாயிலேயே கோப்பி முன்னே பாய்ந்தார். முடிவுக்கு இன்னும் 192 கிலோமீட்டர் இருந்தது. ஐந்து மலைகளில் நான்கு மீதமிருக்கையில் தனியே செல்வது அறிவுடைமை ஆகாது என்றே பலரும் கருதியிருப்பர். கூட்டமாகச் செல்வோர் மாறிமாறிக் காற்றை மறிக்கலாம். தனியே செல்பவருக்கு ஒளிந்துகொள்ள முதுகு இல்லை.

பின்னால் பார்தாலி துரத்தினார். அவரும் எளியவர் அல்லர். முந்தைய ஆண்டில் பிரான்சைச் சுற்றும் பந்தயத்தை வென்றவர். முதல் மலையில் அவர் விட்ட இடைவெளி சிறிது. அடுத்த மலையில் அது வளர்ந்தது. அதற்கடுத்த மலையில் மேலும் வளர்ந்தது. இந்த வளர்ச்சியைத்தான் நோக்க வேண்டும். கோப்பி முதல் மலையில் பறந்துவிட்டு, பின்னர் அதன் மிச்சத்தில் தப்பியவர் அல்லர். நேரம் செல்லச்செல்ல இருவர் கால்களும் தளர்ந்தன. கோப்பியின் கால்கள் குறைவாகத் தளர்ந்தன. அவர் சட்டையின் நிறத்தையும் பெயரையும் மட்டும் சொல்லி அன்றைய வர்ணனையைத் தொடங்கிய வானொலியாளரின் குரல் நாடெங்கும் கேட்டது. ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாக மிதித்து, கோப்பி பினெரோலோவை அடைந்தார். பதினோரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி கழித்துப் பார்தாலி வந்தார். மூன்றாமவர் வருவதற்குப் பத்தொன்பது நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று.

அடுத்த மாதமே டூர் டி பிரான்ஸ் பந்தயம். ஐந்தாம் நாளில் மோதலொன்றில் அவர் வண்டி உடைந்தது. தக்க மாற்றுவண்டி உடனே கிடைக்கவில்லை. முதலிடத்தினும் அரைமணி நேரத்துக்கு மேல் பின்தங்கினார். மனமுடைந்து ஊருக்குத் திரும்ப எண்ணினார். கால் தளராதவருக்கும் மனம் தளர்வதுண்டு. குழுத்தலைவர் அல்ஃப்ரெதோ பிந்தா அவரை இரவெல்லாம் தேற்றி நிறுத்தினார். மூன்றாம் வாரத்தில் ஆல்ப்ஸ் மலைகள் வந்தபோது அந்த அரைமணி நேரம் கரைந்தே போயிற்று. பாரிஸ் நகரில் கோப்பி முதல்வர், பார்தாலி இரண்டாமவர். ஒரே ஆண்டில் இவ்விரு பந்தயங்களையும் வென்றவர் அதற்கு முன் எவரும் இலர்.

கோப்பிக்குச் செர்சே என்றொரு தம்பி. அவரும் பந்தய வீரரே. அண்ணனைப் போன்ற திறன் இல்லை, ஆனால் அண்ணனைச் சிரிக்கவைக்க அவரால் மட்டுமே முடிந்தது. 1951 ஜூன் மாதத்தில் தூரின் நகரில் நடந்த பந்தயத்தில் செர்சே விழுந்தார். எழுந்து வண்டியோட்டிப் பந்தயத்தை முடித்தார். விடுதிக்குத் திரும்பியபின் தலைவலி மிகுந்து, அன்றே இறந்தார். தலைக்குள் குருதி கசிந்திருந்தது. சில நாள்களில் தொடங்கிய பிரெஞ்சுப் பந்தயத்தில் கோப்பி கலந்துகொண்டார். மோம்பெலியே செல்லும் கட்டத்தில், சமதளச் சாலையில், அரைமணி நேரத்துக்கு மேல் பின்தங்கினார். மலைகள் செய்யாததைத் துயரம் செய்தது. பயிற்சியால் வளர்த்துக்கொள்ளும் வலிமைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அந்நாள் காட்டுகிறது.

மறு ஆண்டு அவர் மீண்டார். அதே பந்தயத்தில் நிகழ்ந்த சிறு செய்தியொன்று குறிப்பிடத்தக்கது. அவருடைய துணைவர்களுள் சந்திரீனோ கர்ரேயா என்பவர் ஒருவர்; போர்க்காலத்தில் புகன்வால்ட் வதைமுகாமிலிருந்து உயிர்தப்பியவர். லொசான் நகரில் முடிந்த கட்டத்தில், தம் தலைவருக்காக முன்னோடியவர்களைக் கண்காணிக்கச் சென்ற கர்ரேயா, தாமறியாமலே முதலிடத்துக்குரிய மஞ்சட் சட்டைக்கு உரியவரானார். தலைவருக்கு உரியதைத் தாம் பெற்றுவிட்டதாக எண்ணி அழுதார். கோப்பியிடம் பொறுத்தருளுமாறு வேண்டினார். கோப்பி மகிழ்ந்து அவரைப் பாராட்டினார். மறுநாள் பந்தயம் முதன்முறையாக ஆல்ப் துவெஸ் மலையுச்சியில் முடிந்தது. அங்கு வென்று, மஞ்சட் சட்டையைக் கோப்பி அணிந்தார். தம் அணித்தலைவரிடம் சட்டையை இழந்ததில் கர்ரேயாவைவிட நிம்மதி அடைந்தவர் எவருமிலர். பாரிசை அடைந்தபோது இரண்டாமவர் 28 நிமிடங்களுக்கு மேல் பின்தங்கியிருந்தார். பந்தயம் சுவைகுன்றிவிடுமோ என்றஞ்சிய அமைப்பாளர்கள், இரண்டாம் இடத்துக்குரிய பரிசுத்தொகையை இடையிலேயே உயர்த்தினர்.

1953இல் 2,758 மீட்டர் உயரமுள்ள ஸ்தெல்வியோ கணவாய் ஜிரோ பந்தயத்தில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. பனிச்சுவர்களுக்கிடையே ஏறிச்சென்று கோப்பி தம் ஐந்தாம் ஜிரோ வெற்றியை உறுதிசெய்தார். இப்போது அப்பந்தயத்தில் ஒவ்வோர் ஆண்டும் கடக்கப்படும் மிக உயர்ந்த இடத்துக்குக் கோப்பி சிகரம் என்று பெயரிடுகின்றனர். அதே ஆண்டு லுகானோ நகரில் உலகச் சாலைப்பந்தய வாகையர் பட்டமும் அவருக்குக் கிடைத்தது.

அவர் வாழ்க்கையில் மறைக்கத்தகாத ஒன்றும் உண்டு. களைப்பை மறக்கச்செய்யும் ஆம்ஃபெடமைன் என்னும் ஊக்கமருந்தை அக்காலப் பந்தய வீரர் பலர் உட்கொண்டனர். அதனைத் தடுக்கும் விதிகள் அன்று இல்லை. தாமும் அதனை உட்கொண்டதைக் கோப்பி மறைக்கவில்லை. தொலைக்காட்சியில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அம்மருந்து தசைக்கு வலிமை தருவதில்லை. உடல் எழுப்பும் எச்சரிக்கை மணியின் ஒலியை மூளைக்கு எட்டாமல் செய்கிறது, அவ்வளவே. 1967இல் பிரான்சின் வென்டூ மலையில் டாம் சிம்ப்சன் என்னும் ஆங்கிலேய வீரர் பந்தயத்தின் நடுவே வீழ்ந்து மாண்டார். அவர் உடலில் அம்மருந்து காணப்பட்டது. களைப்பைத் தாங்குவது வேறு, களைப்பை உணராதிருப்பது வேறு. கோப்பியின் வெற்றிகளைப் படிப்பவர்கள் இதனையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எலும்புகள் எளிதில் முறியும் உடல் அவருடையது. விழுந்து எழுந்து, எழுந்து விழுந்து, நாற்பது வயதுவரை ஓட்டினார். கடைசி ஆண்டுகளில் வெற்றிகள் அருகின. ஆயினும் அவர் பெயருக்காகவே மக்கள் சாலையோரம் திரண்டனர்.

1959 டிசம்பரில், இன்று புர்கினா பாசோ எனப்படும் மேல் வோல்ட்டா நாட்டுக்குப் பிரெஞ்சு வீரர்கள் சிலருடன் அழைக்கப்பட்டார். தலைநகர் வகடூகுவில் காட்சிப் பந்தயம் ஒன்றில் கலந்துகொண்டு, பின்னர் வேட்டைக்குச் சென்றனர். தம் நண்பர் ரஃபேல் ஜெமினியானியுடன் அவர் ஒரே அறையில் உறங்கினார். இரவு முழுதும் கொசுக்கள். ஊர் திரும்பிய சில நாள்களில் இருவருக்கும் கடுங்காய்ச்சல் கண்டது.

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பது அன்று புதுச்செய்தி அன்று. 1897ஆம் ஆண்டிலேயே நம் நாட்டின் செகந்திராபாத் நகரில் ரொனால்ட் ராஸ் என்னும் மருத்துவர் கொசுவின் வயிற்றில் அந்நோய்க்கிருமியைக் கண்டறிந்திருந்தார். அதற்கு மருந்தாகிய கொய்னாவும் நெடுங்காலமாக இருந்தது. பிரான்சில் ஜெமினியானியின் குருதியைச் சோதித்தவர்கள் மலேரியா என்று கண்டு கொய்னா கொடுத்தனர். நினைவிழந்து கிடந்த அவர் பிழைத்தார். இத்தாலியில் கோப்பியைப் பார்த்த மருத்துவர்கள் அதனைச் சளிக்காய்ச்சல் என்றே கருதினர். பிரான்சிலிருந்து ஜெமினியானியின் குடும்பத்தார் மலேரியா என்று தெரிவித்தும் அது ஏற்கப்படவில்லை. 1960 ஜனவரி 2ஆம் நாள் காலை, தொர்தோனா நகர மருத்துவமனையில், தம் நாற்பதாம் வயதில் கோப்பி உயிர் நீத்தார்.

காஸ்டெல்லானியாவின் குன்றுப் பாதையில், சிறுவராய் அவர் பள்ளிக்குப் போகாமல் வண்டியோட்டிய அதே ஏற்றத்தில், பல்லாயிரவர் நடந்துசென்று அவரை அடக்கம் செய்தனர். தம்பி செர்சேயும் அங்கேயே அவருடன் துயில்கிறார். ஒரே அறையில், அதே கொசுக்களிடையே உறங்கிய ஜெமினியானி 2024ஆம் ஆண்டில் தம் தொண்ணூற்றொன்பதாம் வயதில் மறைந்தார்.